சேலத்து கேமிங் வார இறுதிக்கு எந்த வார்கேம்?

சனி, ஞாயிறு இரண்டு நாள். ஒரு ஹால், நாலைந்து மேஜை, இருபது பேர். அதில் பாதிப் பேர் 'கேட்டான்' (Catan) மாதிரி பலகை விளையாட்டுகள் ஆடிப் பழகியவர்கள். சின்னச் சின்ன பொம்மைப் படையை இஞ்ச் டேப் வைத்து நகர்த்தி ஆடும் வார்கேமை யூடியூபில் பார்த்ததோடு சரி. மீதிப் பேரில் இரண்டு மூன்று பேரிடம்தான் பெயிண்ட் அடித்து முடித்த படை இருக்கும். சேலத்திலோ ஏற்காட்டிலோ இப்படி ஒரு கூடுகை போட நினைக்கிறவர்களிடம் முதலில் வெடிக்கும் விவாதம் இதுதான்: அறிவியல் புனைவு வார்கேம் என்று ஒரு மேஜை ஒதுக்கினால், அதில் எதை விரிப்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் பொம்மைக் கார்களை மோதவிடும் கேஸ்லேண்ட்ஸ், ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ராட்சத இயந்திரங்கள் சண்டை போடும் பேட்டில்டெக். பெரிய படைகள் மோதும் வார்ஹேமர் 40,000 வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும். இதைச் சொன்னால் கோபம் வரும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டில் ஆடுவதற்கு நல்ல விளையாட்டு, கூடுகைக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீட்டில் இரண்டு பேரும் விதி தெரிந்தவர்கள், நாள் முழுக்க நேரம் இருக்கிறது. கூடுகையில் யாரோ ஒருவர் டீ கிளாஸோடு மேஜை ஓரம் வந்து நின்று, "இது என்னங்க, நானும் ஆடலாமா?" என்று கேட்பார். அவரைப் பத்து நிமிஷத்தில் ஆட்டத்துக்குள் இழுக்க முடிய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குள் முடிய வேண்டும். பாதியில் தோற்றவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. நான் விளையாட்டுகளைத் தரம் பிரிப்பது இந்த மூன்றை வைத்துத்தான். விதியின் ஆழம், கதையின் செழிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

பெரிய பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். வார்ஹேமர் 40,000 பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. இரண்டு முழுப் படைகள் இடிந்த கட்டடங்களுக்கு நடுவே எதிரெதிரே நிற்கும் அழகுக்குப் பக்கத்தில் வேறு எதுவும் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின்படி வழக்கமான பெரிய ஆட்டம் என்றால் ஆளுக்கு 2000 பாயிண்ட் (ஒவ்வொரு குழுவின் பலத்துக்கும் தரும் மதிப்பெண்) படை, 60-க்கு 44 அங்குல மேஜை, ஐந்து சுற்று. மூன்று மணி நேரம் என்பது தெரிந்தவர்கள் ஆடினால். புதியவர் ஒருவர் இருந்தால் காலையில் தொடங்கியது மாலைக் காபி வரை இழுக்கும்.

நேரத்தைவிடப் பெரிய பிரச்சினை, சும்மா இருப்பது. ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்திச் சுட்டு முடிக்கும் வரை எதிராளிக்குப் பெரிதாக வேலை கிடையாது. ஒரு குழு சுட்டால், குறி பட்டதா என்று ஒரு கை நிறைய பகடை. பட்டதில் எத்தனை காயப்படுத்தின என்று மறுபடி ஒரு உருட்டல். கவசம் எத்தனையைத் தடுத்தது என்று எதிராளி ஒரு உருட்டல். ஆடிப் பழகியவனுக்கு அந்தச் சடசட சத்தமே சுகம். டீ கிளாஸோடு வந்தவர் இரண்டாவது குழு சுடும்போதே ஃபோனைக் கையில் எடுத்துவிடுவார். அவருக்குக் கொடுக்க இன்னொரு படை உங்களிடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஒரு படையை வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து முடிக்க மாதக்கணக்காகும், செலவும் பல ஆயிரங்களில் போகும்.

அதன் சின்னத் தம்பி கில் டீம் பரவாயில்லை. பெரும்பாலும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வீரர்களுக்கு மேல் தேவைப்படாது, மேஜையும் 30-க்கு 22 அங்குலம் போதும். மாறி மாறி ஒவ்வொரு வீரனாக நகர்த்துவதால் யாரும் சும்மா இருப்பதில்லை. நாலே சுற்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு அணிக்கும் தனித்தனித் தந்திரங்கள், ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனித் திறமைகள். அதெல்லாம் மனப்பாடமாக இருப்பவர் முன்னால் புதியவர் உட்கார்ந்தால், ஏன் தோற்றோம் என்று தெரியாமலே எழுந்து போவார். தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் ஒரு சின்னப் போட்டி வைக்கலாம், நன்றாக இருக்கும்.

கையில் 40,000 படை இருப்பவர் அதை எப்படியும் கொண்டுவருவேன் என்று அடம்பிடித்தால் ஒன் பேஜ் ரூல்ஸின் கிரிம்டார்க் ஃபியூச்சர் விதியில் ஆடச் சொல்லுங்கள். அடிப்படை விதிகள் இலவசம், யார் செய்த மினியேச்சர் பொம்மையும் செல்லும், குறிக்கு ஒரு உருட்டல், தற்காப்புக்கு ஒரு உருட்டல், அவ்வளவுதான். ரெசினில் பொம்மை வார்க்கும் 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் அடித்துக் கொடுத்த படையும், கேம்ஸ் வொர்க்‌ஷாப் பெட்டியிலிருந்து வந்த படையும் ஒரே மேஜையில் மோதலாம். சுவை கொஞ்சம் சப்பென்று இருக்கும் என்பது என் அபிப்பிராயம். எல்லாப் படையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

எக்ஸ்-விங் பற்றியும் கேட்பார்கள். 2012-ல் வந்து சக்கைப்போடு போட்ட ஸ்டார் வார்ஸ் விண்கலச் சண்டை விளையாட்டு. பெயிண்ட் அடித்தே வரும் விண்கலங்கள், சொல்லிக்கொடுக்கவும் சுலபம். ஆனால் 2024-ல் அதை வெளியிடும் நிறுவனம் இனிப் புதிதாக எதுவும் செய்யப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. யாரிடமாவது பழைய பெட்டி இருந்தால் சரி. புதிதாகத் தேடி வாங்கச் சொல்ல மாட்டேன்.

இனி கேஸ்லேண்ட்ஸ். 2017-ல் ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட மெல்லிய விதிப் புத்தகம், 2019-ல் விரிவான பதிப்பு வந்தது. கார் ரேஸ் எப்படி அறிவியல் புனைவாகும் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். கதைப்படி செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்கள் பூமியைப் போரில் தோற்கடித்துவிட்டார்கள். இடிந்துபோன பூமியில் மிஞ்சியவர்கள் ஒரு டிவி நிகழ்ச்சிக்காகத் துப்பாக்கி கட்டிய கார்களில் சாகும்வரை ரேஸ் ஓட்டுகிறார்கள். ஜெயித்தால் செவ்வாய்க்கு டிக்கெட். எனக்கு இது போதும்.

இந்த விளையாட்டு நம் ஊருக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், மினியேச்சருக்கு வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைத்துச் சுங்கவரி கட்ட வேண்டியதில்லை. 64-ல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைக் கார்தான் மினியேச்சர். ஹாட் வீல்ஸ் தொங்காத சூப்பர் மார்க்கெட் இப்போது எங்கே இருக்கிறது? வீட்டில் பையன் உடைத்துப்போட்ட காரே இன்னும் நல்லது. பால் பாயிண்ட் பேனா ரீஃபிலை வெட்டி பானெட்டில் ஒட்டினால் துப்பாக்கி, கொசுவலைத் துண்டை ஜன்னலில் ஒட்டினால் கம்பி வலை. கருப்பு, பழுப்பு பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து மேலே பூசித் துடைத்தால் பத்து வருஷம் பாலைவனத்தில் ஓடிய வண்டி தயார்.

ஆட்டம் எப்படிப் போகும் என்று பார்க்கலாம். ஒரு சுற்றில் ஆறு கட்டம். முதல் கியரில் இருக்கும் வண்டிக்கு அதில் ஒரே ஒரு முறைதான் ஆட்டம். ஐந்தாம் கியரில் பறக்கும் வண்டிக்கு ஐந்து முறை. வேகமாகப் போனால் அதிக ஆட்டம் என்பது யாருக்கும் ஒரே வரியில் புரிந்துவிடும். நகர்த்துவதற்கு டேப் கிடையாது. நேர்ப்பாதை, லேசான வளைவு, கொண்டை ஊசி வளைவு என்று அட்டையில் வெட்டிய துண்டுகள் உண்டு. கண்ணால் கணித்து ஒன்றை எடுக்க வேண்டும், தொட்ட துண்டை வைத்தே தீர வேண்டும். அதிக கியரில் இருக்கும்போது கொண்டை ஊசியை எடுக்கவே அனுமதி இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் வண்டி ஓட்டியவருக்கு இந்த விதியை விளக்கத் தேவையே இல்லை.

வளைவில் திருப்பும்போது சறுக்கல் பகடையை உருட்டுகிறோம். அதில் ஆபத்து விழ விழ வண்டிக்குப் பக்கத்தில் வில்லைகள் சேரும். ஆறு சேர்ந்தால் கட்டுப்பாடு போய்விடும்: வண்டி முதல் கியருக்கு வந்துவிடும், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் என்பதை எதிராளி முடிவு செய்வார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்காதவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சத்தம் போட்டுச் சிரிப்பது இந்த இடத்தில்தான். அப்புறம், கார் வெடித்தவர் வெளியே போவதில்லை. டிவி ரசிகர்களின் ஓட்டுகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் செலவழித்துப் புது வண்டியோடு மறுபடி உள்ளே வரலாம். மூன்று அளவுகோல்களில் தோற்றவர் கையைக் கட்டி உட்காரக் கூடாது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு இவ்வளவு நேரடியான பதில் வேறு எந்த வார்கேமிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆறு வண்டிக்கு மேல் போனால் ஒரு சுற்று முடிய யுகமாகும், அதனால் ஆளுக்கு ஒரு கார், ஆறு பேரோடு நிறுத்துங்கள். முதல் கியரில் மாட்டிக்கொண்டவர் கொஞ்ச நேரம் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும். யோசித்துத் திட்டம் போட்டு ஜெயிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு ஆட்டத்தில் சலித்துவிடும்.

சாப்பாட்டு விஷயமும் உண்டு. சேலத்தில் நாலு பேர் கூடினால் தட்டுவடை செட் வராமல் இருக்காது. காரச் சட்னியும் பீட்ரூட் துருவலும் பட்ட விரலால் ஒருவர் 40,000 வீரனின் தோளைப் பிடித்துத் தூக்கும்போது, அதற்கு மூன்று ராத்திரி பெயிண்ட் அடித்தவர் முகத்தைப் பார்க்க முடியாது. பொம்மைக் காருக்கு அந்தக் கவலை இல்லை. சிவப்புக் கறை ஒட்டினாலும் அடிபட்ட கோலம் என்று விட்டுவிடலாம்.

பகல் முடிந்து, வந்து போகிறவர்கள் கிளம்பிய பிறகு, இரவு தங்குகிற ஆறேழு பேருக்குத்தான் பேட்டில்டெக். 1984-ல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அந்தப் பெயரில் லூகாஸ்ஃபிலிம் சிக்கல் கிளப்பவே அடுத்த பதிப்பில் பெயர் மாறியது. மாடி உயர இயந்திரங்களுக்குள் உட்கார்ந்து மனிதர்கள் சண்டை போடும் கதை. அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத்தில் ஆடுவதால் அளப்பதில் தகராறே வராது. பக்கத்துக்கு நாலு இயந்திரம் வைத்தால் மூன்று நாலு மணி நேரம் ஓடும். இத்தனை வருஷத்தில் அடிப்படை விதி பெரிதாக மாறாதது ஒரு வசதி. பழைய புத்தகம் வைத்திருப்பவரும் புதிய பெட்டி வாங்கியவரும் ஒரே மேஜையில் ஆடலாம்.

இதன் உயிர் சூட்டுக் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள். கவசம் சின்னச் சின்ன வட்டங்களாக வரைந்திருக்கும். அடிபட்டால் பென்சிலால் அடித்துக்கொண்டே வர வேண்டும். சுட்டால் சூடு ஏறும், ஓடினாலும் ஏறும். பத்துச் சூடு தணிப்பான்கள் உள்ள ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டே பிபிசி (PPC) எனப்படும் துகள் பீரங்கிகள் இரண்டைச் சுடுகிறது என்று வையுங்கள். பீரங்கிக்குப் பத்து வீதம் இருபது, ஓட்டத்துக்கு இரண்டு, மொத்தம் 22. தணிந்தது பத்து போக 12 மிச்சம். அந்தப் பன்னிரண்டிலேயே கால் தள்ளாடும், குறி தவறும். ஆசைப்பட்டு அடுத்த சுற்றிலும் அதையே செய்தால் 24. இப்போது இயந்திரம் தானாக அணைந்துபோகாமல் இருக்க இரண்டு பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழ வேண்டும். உள்ளே குண்டுகள் வைத்திருந்தால் அவை சூட்டில் வெடிக்காமல் இருக்க இன்னொரு உருட்டல். "சுடட்டுமா, வேண்டாமா" என்று ஒருவர் தாளைப் பார்த்து முணுமுணுப்பதை மற்றவர்கள் போர்வைக்குள்ளிருந்து ரசிக்கும் விளையாட்டு இது. அவசரமாக முடிக்க வேண்டிய பகல் நேரத்தில் இந்தச் சுகம் கிடைக்காது.

அடி எங்கே பட்டது என்று இரண்டு பகடையை உருட்டும்போது பன்னிரண்டு விழுந்தால் தலையில் அடி என்பதையும் சொல்ல வேண்டும். தலையில் கவசம் அதிகபட்சம் ஒன்பது புள்ளிதான், உள்ளே சட்டகத்துக்கு மூன்று புள்ளி. இருபது சேதம் செய்யும் பெரிய பீரங்கி அங்கே பட்டால் நூறு டன் எடையுள்ள அட்லஸ் என்ற இயந்திரமும் ஒரே அடியில் விழும். ஒரு மணி நேரம் கவனமாக ஆடியவர் இப்படித் தோற்கும்போது சிலருக்குக் கண்ணே கலங்கிவிடும். அடுத்த கூடுகையில் அவரே அந்தக் கதையைச் சொல்லுவார்.

இதைப் பகலில் ஆடியே ஆக வேண்டும் என்றால் ஆல்ஃபா ஸ்ட்ரைக் என்ற வேகமான வடிவம் இருக்கிறது. ஒரு இயந்திரம் ஒரு சீட்டில் அடங்கிவிடும். ஆனால் மேலே சொன்ன சூட்டுக் கணக்கில் பெரும்பகுதி காணாமல் போகும். அதற்குக் கேஸ்லேண்ட்ஸே மேல்.

பைசா செலவில்லாமல் முயல வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவதாக ஃபுல் த்ரஸ்ட். பிரிட்டனின் கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட விண்கலப் போர். விதிகளை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். எல்லாரும் தங்கள் கலம் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு வேகம் கூட்டும் என்று சீட்டில் ரகசியமாக எழுதி ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். திசை கடிகார முள் போல 12. விண்வெளியில் பிரேக் கிடையாது, போன சுற்றின் வேகம் இந்தச் சுற்றிலும் கூடவே வரும். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இயற்பியல் பாடத்தில் படித்ததை மேஜையில் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். கலத்துக்குப் பட்டன், பாட்டில் மூடி, அட்டைத் துண்டு எது வேண்டுமானாலும் ஆகும்.

நட்சத்திரம் நிறைந்த கருப்பு விரிப்புக்கும், பேட்டில்டெக்கின் அறுகோண வரைபடத்துக்கும் கடையில் விற்கும் விளையாட்டு விரிப்பு வாங்க வேண்டாம். கல்யாண பேனர் அடிக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் படத்தைக் கொடுத்தால் சதுர அடிக் கணக்கில் அடித்துத் தருவார்கள். சாதாரண ஃப்ளெக்ஸ் டியூப்லைட்டில் பளபளத்துக் கண்ணைக் கூசும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கேளுங்கள். கருவிகளுக்கு சேலத்துக்காரர்கள் எங்கும் தேட வேண்டாம். கொலுசு வேலை நடக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைக்கு விற்கும் சின்ன அரம், சாமணம், கைத்துளைக் கருவி எல்லாம் இந்த வேலைக்கென்றே செய்தது போல இருக்கும், ஹாபி என்று எழுதிய பெட்டியில் வருவதைவிட உழைக்கும். மண் தரைக்கு டிகாக்‌ஷன் இறக்கிய காபித் தூளை நன்றாகக் காயவைத்து ஃபெவிகாலில் தூவினால் போதும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இடம் சேலமா, ஏற்காடா என்பதும் இதோடு சேர்ந்த முடிவு. ஏற்காடு என்றால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. டிக்கியில் வைத்த பெட்டிக்குள் மெலிந்த ஈட்டிகளும் கொடிக்கம்பங்களும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சூப்பர் க்ளூ ஒட்டு இழுப்பைத் தாங்கும், திடீர்த் தட்டலைத் தாங்காது. மினியேச்சர் அடியில் சின்னக் காந்தம் ஒட்டி, இரும்புத் தகரப் பெட்டியில் நிற்க வைத்துக் கொண்டுபோவதுதான் வழி. பழைய பிஸ்கட் டப்பா நல்லது. எவர்சில்வர் தூக்கில் முயற்சி செய்யாதீர்கள், நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. பொம்மைக் கார்களையும் பேட்டில்டெக் இயந்திரங்களையும் ஒரு பையில் துணி சுற்றிப் போட்டாலே பெரும்பாலும் முழுசாக வந்து சேரும். அவை குண்டுக் கட்டையானவை. மேலே பனிமூட்டம் இருக்கும்போது வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனால் அந்த வேலையைக் கீழேயே முடித்துவிடுங்கள்.

கூட்டம் பத்துப் பேருக்குள் என்றால் ஏற்காடு, அதுவும் கோடை விழா நடக்கும் மே மாதத்தைத் தவிர்த்து. அந்த நாட்களில் அறை வாடகையும் சாலை நெரிசலும் சேர்ந்து சனிக்கிழமைக் காலையைத் தின்றுவிடும். இருபது பேர் என்றால் சேலத்தில் ஒரு சின்ன மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்தால் வாடகை இறங்கி வருவார்கள். ஆடியில் மண்டபம் காலியாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயத்தில் சேலத்தில் யார் வீட்டிலும் சொந்தக்காரர்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் வர முடியாது என்று சொல்லிவிடுவார்கள். மார்கழிதான் சரி. மேஜை, நாற்காலி, ஃபேன் எல்லாம் மண்டபத்திலேயே இருக்கும், ஊருக்குள் இருப்பதால் புதியவர்கள் ஒரு மணி நேரம் எட்டிப்பார்த்துவிட்டுப் போகவும் முடியும். கேஸ்லேண்ட்ஸ் மேஜையை வாசலுக்கு நேரே போடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. வருவது நாலே பேர், நாலு பேரிடமும் பெயிண்ட் அடித்த படை இருக்கிறது, புதியவர் யாரும் இல்லை என்றால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு 40,000 எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போங்கள். ஒரு நாளுக்கு ஒரு ஆட்டம் வீதம் இரண்டு ஆட்டம், நடுவில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. கை கழுவிவிட்டு வந்து பகடையைத் தொடச் சொல்லுங்கள்.